அத்தை மகனுக்கு முன்னால் அவர் தம்பியைக் கேளுங்கள்

கேள்வி: எனக்கு வயது 25. பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். அப்பாவின் அக்கா கே.ஜி.எஃப்.பில் இருக்கிறார். அத்தை கட்டிக்கொண்டது தன் தாய்மாமனையே, அதாவது என் பாட்டியின் கூடப்பிறந்த தம்பியை. அவர்களுக்கு இரண்டு மகன்கள். மூத்தவரை எனக்குப் பேசியிருக்கிறார்கள், எனக்கும் பிடித்திருக்கிறது. தை மாதம் நிச்சயதார்த்தம். சின்னவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. அத்தை ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று வாசலுக்கு வந்ததால்தான் இப்படி என்று பாட்டி சொல்வார். என் அம்மா அசல், சொந்தம் இல்லை. அவர்தான் "நாளைக்கு உன் பிள்ளைக்கும் இப்படி ஆனால் என்ன செய்வாய்?" என்று பயப்படுகிறார். வம்சத்தில் வேறு யாருக்கும் இந்தக் குறை இல்லை, அதனால் இது பரம்பரை இல்லை என்பது அப்பாவின் கட்சி. யார் சொல்வது சரி? நானும் அவரும் காது டெஸ்ட் எடுத்துக்கொண்டால் போதுமா? இருவருக்கும் ஓ பாசிட்டிவ், ஒரே ரத்த வகை கூடாது என்றும் சொல்கிறார்கள். சின்னவருக்கும் பெண் பார்க்கிறார்கள், காது கேளாத பெண்தான் அமையும் போலிருக்கிறது. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கும் கேட்காதா?

மரபணு ஆலோசகர் பதில்:

அத்தை யாரைக் கட்டிக்கொண்டார் என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். எங்களிடம் வருகிறவர்கள் அதை லேசில் சொல்வதில்லை. "சொந்தத்தில் கல்யாணமா?" என்றால் "தூரத்துச் சொந்தம்தாங்க" என்பார்கள். காகிதத்தை எடுத்து வட்டமும் கட்டமும் போட்டு வம்ச வரைபடம் வரைய ஆரம்பித்தால் அந்தத் தூரத்துச் சொந்தம் அக்கா மகளாக வந்து நிற்கும். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஏறக்குறைய நான்கில் ஒரு கல்யாணம் சொந்தத்துக்குள்தான் நடக்கிறது. இந்த ஊரில் கன்னடக் குடும்பங்களிலும் தெலுங்குக் குடும்பங்களிலும் மாமன் உரிமை உங்கள் வீட்டில் போலவேதான். எனக்கு வேண்டியது அந்த வரைபடம் மட்டும்.

முதலில் அப்பாவின் வாதம். வம்சத்தில் யாருக்கும் இல்லாததால் பரம்பரை இல்லை என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறவிச் செவிட்டுத்தன்மையில் மரபணு காரணமாக வருபவற்றில் பெரும்பகுதி இப்படித்தான் வரும்: நாலைந்து தலைமுறையில் ஒருவருக்கும் இருக்காது, திடீரென்று ஒரு குழந்தைக்கு இருக்கும். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு நகலாக இருக்கிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. வீட்டுக்கு இரண்டு சாவி வைத்திருப்பது மாதிரி. ஒன்று தொலைந்தாலும் கதவு திறக்கும், தொலைந்தது நமக்குத் தெரியவே தெரியாது. அப்படி ஒரு நகல் மட்டும் பழுதாக இருப்பவரைக் கேரியர் என்கிறோம். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். இரண்டு கேரியர்கள் கல்யாணம் செய்துகொண்டு, இருவரும் தத்தம் பழுது நகலையே ஒரு குழந்தைக்குக் கொடுத்தால்தான் குறை வெளியே தெரியும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கு 4இல் 1 வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லை என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அது தப்பு. ஒவ்வொரு முறையும் அதே 4இல் 1தான்.

கேரியர்கள் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். எனக்கும் ஏதோ சில மரபணுக்களில் பழுது நகல் இருக்கும், உங்கள் அம்மாவுக்கும் இருக்கும். அசலில் கட்டும்போது இரண்டு பேருடைய பழுதும் வேறு வேறு மரபணுவில் இருப்பதால் பெரும்பாலும் மோதிக்கொள்வதில்லை. சொந்தத்தில் கட்டும்போது ஒரே பூட்டனிடமிருந்து இறங்கிய ஒரே பழுது இரண்டு பக்கமும் இருந்துவிடலாம்.

இனி உங்கள் வீட்டு வரைபடம். சின்னவருடைய குறை இந்த வகை என்றே இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் அத்தையும் அவர் கணவரும் ஆளுக்கொரு பழுது நகல் வைத்திருக்கும் கேரியர்கள். இருவருக்கும் அது எங்கிருந்து வந்திருக்கும்? அத்தையின் கணவரும் உங்கள் பாட்டியும் ஒரே தாய் தகப்பன் பிள்ளைகள். அந்தத் தாயோ தகப்பனோ வைத்திருந்த பழுது நகல் ஒரு பக்கம் மகனுக்கு நேராகவும், இன்னொரு பக்கம் மகளான உங்கள் பாட்டி வழியாக அத்தைக்கும் போயிருக்க வேண்டும். பாட்டி கேரியர் என்றால் உங்கள் அப்பாவுக்கு அது வந்திருக்க 2இல் 1 வாய்ப்பு. அப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்திருக்க அதில் பாதி, அதாவது 4இல் 1.

மாப்பிள்ளையின் கணக்கு கொஞ்சம் வேறு. இரண்டு கேரியர்களுக்குப் பிறந்தவர் அவர். நான்கு விதமாகப் பிறந்திருக்கலாம். அதில் இரண்டு நகலும் பழுது என்ற விதம் அவருக்கு இல்லை, ஏனென்றால் அவருக்குக் காது கேட்கிறது. மிச்சம் இருக்கும் மூன்றில் இரண்டு விதங்களில் அவர் கேரியர். எனவே அவர் கேரியராக இருக்க 3இல் 2 வாய்ப்பு. இந்த 3இல் 2ஐயும், உங்கள் 4இல் 1ஐயும், இருவருமே கேரியர் என்றால் குழந்தைக்கு வரும் 4இல் 1ஐயும் பெருக்கினால் 24இல் 1 வருகிறது. சுமார் 4 சதவீதம். பொதுவாகப் பிறக்கும் குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேருக்குப் பிறவியிலேயே கடுமையான கேட்புக் குறை இருக்கும். அதோடு ஒப்பிட்டால் உங்களுடையது பல மடங்கு அதிகம். ஆனாலும் 24 குழந்தைகளில் 23 பேருக்குக் காது கேட்கும் என்பதும் இதே கணக்குதான். அம்மாவிடம் எண்ணை இப்படிச் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் மூச்சு விடுவார்.

இந்த 24இல் 1ஐ வைத்துக்கொண்டு கல்யாணத்தை நடத்தவோ நிறுத்தவோ வேண்டாம் என்பது என் கருத்து. சோதனையில் காரணம் தெரிந்துவிட்டால் இந்த எண் அப்படியே நிற்காது. கிட்டத்தட்டப் பூஜ்ஜியமாகிவிடும், இல்லாவிட்டால் 4இல் 1 ஆக ஏறிவிடும். எது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கும்போது நடுவில் நின்று பயப்படுவானேன்?

அந்த வழி நீங்கள் கேட்ட காது டெஸ்ட் இல்லை. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய், கண்ணாடி அறையில் உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டி, பீப் சத்தம் கேட்டதும் பட்டனை அழுத்துவது ஆடியோகிராம். காது எவ்வளவு மெல்லிய ஒலியைப் பிடிக்கிறது என்று மட்டும் அது சொல்லும். கேரியருக்கும் கேரியர் அல்லாதவருக்கும் அதில் ஒரே கோடுதான் வரும். ஏன் என்று புரிய, காதுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒலி செவிப்பறையில் மோதி, அதன் பின்னால் கோர்த்திருக்கும் மூன்று குட்டி எலும்புகளை அசைக்கிறது. கடைசி எலும்பான அங்கவடி மூன்று மில்லிமீட்டர்தான், நம் உடம்பிலேயே மிகச் சிறியது. அது காக்ளியா என்கிற சுருள் குழாயைத் தட்டுகிறது. காக்ளியாவுக்குள் திரவம், அந்தத் திரவத்தில் நுனி நீட்டிக்கொண்டு வரிசையாக மயிரிழைச் செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. திரவம் அசையும்போது இழைகள் சாய்கின்றன. சாய்ந்ததும் திறக்கும் நுண்ணிய வாசல்கள் வழியாகப் பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. அந்தப் பாய்ச்சல்தான் மின்சமிக்ஞையாகி நரம்பு வழியாக மூளைக்குப் போய் அம்மாவின் குரலாகவும் ஆட்டோ ஹாரனாகவும் ஆகிறது. இந்தச் செல்கள் நமக்கு ஒரு முறைதான். செத்தால் மறுபடி முளைக்காது.

மயிரிழைச் செல்களைச் சுற்றி வேறு செல்கள் தாங்கி நிற்கின்றன. அவை ஒன்றோடொன்று நுண்ணிய குழாய்களால் இணைந்து, பொட்டாசியம் போன்றவற்றைக் கைமாற்றிக்கொள்கின்றன. அந்தக் குழாய்களைக் கட்டும் புரதம் கனெக்சின் 26. அதை உண்டாக்கும் மரபணுவின் பெயர் ஜி.ஜே.பி.2. பிறவிச் செவிட்டுத்தன்மைக்கும் இந்த மரபணுவுக்கும் உள்ள தொடர்பு 1997இல் வெளிவந்தது. இன்றைக்கு வேறு எந்தக் குறையும் இல்லாமல் காது மட்டும் கேட்காத நிலைக்குக் காரணமான மரபணுக்கள் நூற்றுக்கு மேல் தெரியும். ஆனாலும் பல நாடுகளில் முதலிடம் இதற்குத்தான், நம் நாட்டிலும் முதலில் பார்ப்பது இதைத்தான். ஐரோப்பியர்களிடம் இந்த மரபணுவில் ஒரு விதப் பழுது அதிகம், இந்தியர்களிடம் வேறொரு பழுது. 226 அமினோ அமிலங்களைக் கோர்த்து முடிக்க வேண்டிய புரதம், நம்மிடம் காணப்படும் அந்தப் பழுதால் 24ஆவது இடத்திலேயே நின்றுவிடுகிறது. அந்தத் துண்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கேரியருக்கு மற்ற நகல் முழுப் புரதத்தைச் செய்துகொண்டே இருப்பதால் குழாய்கள் வேலை செய்கின்றன, ஆடியோகிராம் சுத்தமாக இருக்கிறது. உங்கள் பாட்டிக்கும் அத்தைக்கும் காது கேட்டதும் இதனால்தான்.

சின்னவருக்கு இந்த மரபணுதான் என்று நான் சொல்லவில்லை. மரபணுவே இல்லாமலும் இருக்கலாம். கர்ப்ப காலத்தில் தாய்க்கு ரூபெல்லா அம்மை, சைட்டோமெகலோ வைரஸ் தொற்று, குறைமாதப் பிறப்பு, பிறந்த பின் கடுமையான மஞ்சள்காமாலை, மூளைக்காய்ச்சல், ஜென்டாமைசின் போன்ற ஊசி மருந்துகள் என்று காதைக் கெடுக்கும் காரணங்கள் பல. அத்தையிடம் பக்குவமாகக் கேளுங்கள்: கர்ப்பத்தில் காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு வந்ததா, குழந்தை பிறந்ததும் அழுததா, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்களா, நீல விளக்கு போட்டார்களா. பழைய டிஸ்சார்ஜ் சீட்டு எங்காவது பெட்டியில் இருந்தால் தங்கம் மாதிரி.

கிரகணம் மட்டும் அந்தப் பட்டியலில் கிடையாது. காக்ளியா கருவின் ஐந்தாம் மாதத்துக்குள் முழு வடிவத்தை அடைந்துவிடும். இரண்டு பழுது நகல்களால் வந்த குறை என்றால் கரு உண்டான நொடியிலேயே அது தீர்மானமாகிவிட்டது. ஆறாம் மாதம் வாசலுக்கு வந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை அத்தையிடம் யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாகப் பழியை அவர் ஒருத்தி தலையில் வைத்திருக்கிறார்கள். மரபணுக் காரணம் என்று தெரிந்த பிறகும் "உன் ரத்தத்தில்தான் இருந்தது" என்று மறுபடி அவரைப் பிடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாமாவும் சரிபாதி கொடுத்திருக்கிறார்.

சரி, சோதனை. யாரை முதலில் சோதிப்பது என்பதில்தான் பல குடும்பங்கள் பணத்தை வீணாக்குகின்றன. கல்யாணம் செய்துகொள்ளப் போகிற இரண்டு பேரும் போய், இணையத்தில் பார்த்த பெரிய பேக்கேஜுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருவார்கள். முப்பது பக்க ரிப்போர்ட் வரும். அதில் "பொருள் தெளிவில்லாத மாற்றம்" என்று நாலைந்து இருக்கும். எந்த மாற்றம் குடும்பத்தின் குறைக்குக் காரணம் என்று தெரியாமல் அந்த ரிப்போர்ட்டை எந்த டாக்டராலும் உறுதியாகப் படிக்க முடியாது. தேட வேண்டியது என்ன என்பது சின்னவரின் ரத்தத்தில்தான் இருக்கிறது. அவருக்கு முதலில் ஜி.ஜே.பி.2 சோதனை. இந்த மரபணுவில் புரதத்துக்கான செய்தி முழுவதும் ஒரே துண்டில் இருப்பதால் படிப்பது சுலபம், செலவும் சில ஆயிரத்தோடு முடியும். அதில் விடை கிடைக்காவிட்டால் எல்லாச் செவி மரபணுக்களையும் சேர்த்துப் பார்க்கும் பெரிய சோதனை. அதற்குச் செலவு பல மடங்கு, ரிப்போர்ட் வரவும் சில வாரம் கூடுதலாகும். அவரிடம் காரணம் உறுதியானால் அந்த ஒரே ஒரு மாற்றம் உங்களிடமும் மாப்பிள்ளையிடமும் இருக்கிறதா என்று பார்ப்பது சின்ன வேலை.

இந்த இடத்தில் உங்கள் கடிதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாட்டி சொன்னது இருக்கிறது, அம்மா, அப்பா, அத்தை, மாப்பிள்ளை எல்லாரும் இருக்கிறார்கள். சின்னவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. ரத்தம் தேவைப்படுவது அவருடையது. அவர் வயதுக்கு வந்த ஆண். அண்ணன் கல்யாணத்துக்காக உன் ரத்தத்தில் உள்ள கோளாறைப் பார்க்கப் போகிறோம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் அவர் எப்படி எடுத்துக்கொள்வார்? எங்களிடம் இப்படி வரும் பையன்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எல்லாக் கேள்விக்கும் அம்மாவே பதில் சொல்வார். நான் நேரே அந்தப் பையனைப் பார்த்துக் கேட்டால் "அவனுக்குப் புரியாதுங்க" என்பார்கள். சைகை மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வந்து உட்கார்ந்ததும், "என் குழந்தைக்கு வருமா?" என்று முதல் கேள்வி அந்தப் பையனிடமிருந்தே வரும். அவருக்குச் சைகை மொழி வந்தால் அது தெரிந்த வெளியாள் ஒருவர் மூலம் விளக்குங்கள். வாட்ஸ்அப்பில் எழுதிக்கொள்ள முடிந்தால் அப்படியும் ஆகட்டும். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சோதனையால் அவருக்கும் லாபம் இருக்கிறது. காது கேளாத இருவர் கல்யாணம் செய்துகொண்டால் குழந்தைக்கும் கேட்காது என்பது பல நேரம் தப்பான ஊகம். அவருக்கு ஜி.ஜே.பி.2இல் பழுது, பெண்ணுக்கு வேறொரு மரபணுவில் பழுது என்றால், பிறக்கும் பிள்ளைகள் எல்லாரும் இரண்டு மரபணுவிலும் வெறும் கேரியர்கள். அத்தனை பேருக்கும் காது கேட்கும். பெண்ணுக்குச் சிறு வயதில் மூளைக்காய்ச்சலால் காது போயிருந்தாலும் இதே கதைதான். இருவருக்கும் ஒரே மரபணுவில் பழுது என்றால் மட்டும் எல்லாக் குழந்தைகளுக்கும் வரும். ஒரே பள்ளியில் படித்துப் பழகிக் கல்யாணம் செய்துகொள்ளும் காது கேளாதவர்களிடையே ஜி.ஜே.பி.2 அடிக்கடி வருவதால் இதுவும் அபூர்வமில்லை. இதையெல்லாம் சொன்னால் அவரே சோதனைக்கு முன்வரலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. சில வகைச் செவிட்டுத்தன்மை தனியாக வருவதில்லை. அஷர் என்கிற வகையில் பிறவியிலேயே காது கேட்காது, வளர வளர முதலில் மாலைக்கண் மாதிரி இருட்டில் தெரியாமல் போய், பிறகு பக்கப் பார்வையும் சுருங்கும். இன்னொரு அபூர்வ வகையில் இதயத் துடிப்பின் தாளம் தவறி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. இருட்டில் நடக்கத் தடுமாறுகிறாரா, ஓடும்போதோ பயந்தபோதோ மயங்கி விழுந்ததுண்டா, கழுத்தில் தைராய்டு வீக்கம் இருக்கிறதா, முன்நெற்றியில் சிறு வயதிலிருந்தே ஒரு கற்றை வெள்ளை முடி உண்டா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று இருந்தால் கல்யாணப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு அவருக்குக் கண் டாக்டர், ஒரு ஈ.சி.ஜி. என்று முதலில் அவரைக் கவனியுங்கள்.

ரிப்போர்ட் வந்த பிறகு என்னவெல்லாம் ஆகலாம்? மாப்பிள்ளையோ நீங்களோ கேரியர் இல்லை என்று வந்தால் இந்தக் கவலை அநேகமாகத் தீர்ந்தது, நிச்சயதார்த்தத்தைப் பாருங்கள். சின்னவரிடம் காரணம் எதுவுமே கண்டுபிடிக்க முடியாமல் போகவும் கூடும். இன்றைய சோதனைகளிலும் விடை கிடைக்காத குடும்பங்கள் நிறைய. அப்போது 24இல் 1 என்ற பழைய கணக்கோடுதான் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

இருவருமே கேரியர் என்று வந்தால்? அப்போதும் கல்யாணம் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், அது என் வேலையில்லை. 4இல் 1 என்பதைத் தெரிந்துகொண்டு கட்டிக்கொண்டவர்களும் உண்டு, பேசிப் பிரிந்தவர்களும் உண்டு. குடும்பத்தின் மாற்றம் எது என்று தெரிந்திருப்பதால் கர்ப்பத்தின் 11 முதல் 13ஆவது வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவிலும், 16ஆவது வாரத்துக்கு மேல் பனிக்குட நீரிலும் கருவைச் சோதிக்க முடியும். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற மையங்களில் மட்டும்தான் செய்யலாம். ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள், நீங்களும் கேட்காதீர்கள். அந்த ரிப்போர்ட்டை வைத்து என்ன செய்வது என்பதை நீங்கள் இருவரும் தவிர வேறு யாரும் தீர்மானிக்க விடாதீர்கள், குறிப்பாக மாமியார் வீட்டில் எத்தனை பேர் கூடி உட்கார்ந்தாலும். சிலர் சோதனையே வேண்டாம், எந்தக் குழந்தை என்றாலும் எங்கள் குழந்தை என்பார்கள். அவர்களுக்கும் முன்கூட்டித் தெரிந்திருப்பது உதவும். பிறந்து ஒரு மாதத்துக்குள் காக்ளியாவின் எதிரொலியைப் பிடிக்கும் ஓ.ஏ.ஈ. சோதனை, சந்தேகமிருந்தால் மூன்று மாதத்துக்குள், ஒலி மூளை வரை போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனையில் உறுதி, ஆறு மாதத்துக்குள் கேட்புக் கருவியும் பயிற்சியும் என்று உலகம் முழுக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கருவி போதாவிட்டால் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது நரம்பை நேராகத் தூண்ட காக்ளியாவுக்குள் பொருத்தும் மின்கருவி. கனெக்சின் 26 பழுதில் நரம்பு பெரும்பாலும் நன்றாக இருப்பதால் இந்த அறுவை சிகிச்சை நல்ல பலன் தருகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மத்திய அரசின் உதவித் திட்டமும் இருக்கிறது. சின்னவர் பிறந்த காலத்தில், "லேட்டாகப் பேசும், உங்க தாத்தாவும் அப்படித்தான்" என்று மூன்று நான்கு வயது வரை காத்திருந்திருப்பார்கள். பேச்சு பதியும் வயது அதற்குள் கழிந்துவிடும். கருவி வைத்தாலும் வைக்காவிட்டாலும் குழந்தைக்குச் சைகை மொழியும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள் என்பேன். சைகை பழகினால் பேச்சு வராது என்று இன்னமும் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

காதைத் தவிர மற்றதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சாதாரணமாக அத்தை மகனும் மாமன் மகளும் மரபணுக்களில் 8இல் 1 பங்கைப் பொதுவாக வைத்திருப்பார்கள். உங்கள் இருவருக்கும் அது 16இல் 3, ஒன்றரை மடங்கு, ஏனென்றால் மாப்பிள்ளை அத்தை மகன் மட்டுமல்ல, பாட்டியின் தம்பி மகனும்கூட. எந்தத் தம்பதிக்கும் கடுமையான பிறவிக் குறையோடு குழந்தை பிறக்க நூற்றுக்கு இரண்டு மூன்று வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் அதோடு இன்னும் இரண்டு மூன்று கூடும். உங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். காரணம் தெரியாமல் சின்ன வயதில் இறந்த குழந்தைகள், வலிப்பு, வளர்ச்சிக் குறை, ரத்தம் ஏற்ற வேண்டிய சோகை என்று இரண்டு பக்கக் குடும்பத்திலும் யாருக்காவது இருந்ததா என்று பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கிரகணத்தை விட்டுவிட்டால் பாட்டிதான் உங்கள் வீட்டின் சிறந்த ஆவணம்.

ஓ பாசிட்டிவ் விஷயத்தில் கவலையே வேண்டாம். ஒரே ரத்த வகை இருப்பதால் குழந்தைக்கு எந்தக் கேடும் வராது. பெண் நெகட்டிவ், ஆண் பாசிட்டிவ் என்றால்தான் கவனம் தேவை. அதற்கும் கர்ப்பத்தின் 28ஆவது வாரத்திலும், பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள்ளும் போடும் ஆன்டி-டி ஊசி இருக்கிறது. உங்களுக்கு அது பொருந்தாது.

பெங்களூருவில் எலக்ட்ரானிக் சிட்டியில் சென்டர் ஃபார் ஹியூமன் ஜெனிடிக்ஸ் இருக்கிறது. பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சிலவற்றிலும் மரபணுப் பிரிவு உண்டு. சின்னவரின் காதை முழுமையாக மறுபடி மதிப்பிட வேண்டுமென்றால் மைசூருவில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனத்துக்குக் கூட்டிப் போகலாம். காலையில் ரயிலேறினால் மாலையில் திரும்பிவிடலாம். முதல் நாள் ஆலோசனைக்கு நீங்கள், மாப்பிள்ளை, அவர் சம்மதித்தால் சின்னவர், கூட அத்தை வந்தால் போதும். மொத்தக் குடும்பமும் வேன் பிடித்து வர வேண்டாம். வெறும் வயிறு தேவையில்லை, கையில் ஒரு சின்னக் குழாய் ரத்தம் எடுப்பார்கள், அவ்வளவுதான். சின்னவரின் ரிப்போர்ட் வந்து, அதை வைத்து உங்கள் இருவரையும் பார்த்து முடிக்க இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். தை மாதத்தைத் தள்ளிப்போடுவது அப்பாவுக்குப் பிடிக்காது என்றால் இந்த மாதமே போய்ப் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.